தராசு யார் பக்கம் திரும்பியிருக்கிறது? இலக்கு வைத்து ஆட்களை அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருஷம் கொழுந்து எடுத்தவர். நான் ஹட்டனில் இரண்டு வருஷம் காப்புறுதி விற்றேன். இப்போது கண்டியில் ஓர் அலுவலகத்தில் ஊழியர் பிரிவில் இருக்கிறேன், வருஷக் கடைசியில் மற்றவர்களுக்குப் புள்ளி போடும் வேலையும் என் தலையில்தான் விழுகிறது. அளக்கப்பட்டவரின் பிள்ளையாக, அளக்கப்பட்டவனாக, இப்போது அளக்கிறவனாக இந்த டார்கெட் விஷயத்தைப் பார்த்துவிட்டேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் தம்பி தங்கைகளும் கூட வேலை செய்தவர்களும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். முக்கியமாக, அமைச்சர்களுக்கும் இப்படி இலக்கு வைத்தால் என்ன என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் வருகிறது. ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இலக்கு, டார்கெட், கே.பி.ஐ., நோர்ம்: எல்லாம் ஒன்றுதானா?

ஏறக்குறைய. இத்தனை நாளுக்குள் இத்தனை முடிக்க வேண்டும் என்பது இலக்கு. அது முடிந்ததா என்று பார்க்க எந்த எண்ணைப் பிடித்துக்கொள்கிறோமோ அதுதான் கே.பி.ஐ. நோர்ம் என்பது தோட்டத்துப் பேச்சு, நாளுக்கு இத்தனை கிலோ கொழுந்து. முகாமைத்துவம் படித்தவர்கள் இதைப் பீட்டர் டிரக்கர் 1954 இல் எழுதியதிலிருந்து தொடங்குவார்கள். குறிக்கோளை முதலில் வைத்து அதைக்கொண்டு ஆளை நடத்துவது என்பதை அவர்தான் நிறுவனங்களுக்கிடையே பரப்பினார். நம் மலையில் அதற்கு வெகுகாலம் முன்பே 'பேர்' இருந்தது. சொன்ன கிலோ வந்தால் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் முழுப்பேர், வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். சாயங்காலம் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வருகிற பெண்களிடம் 'இன்னைக்குப் பேர் விழுந்துச்சா' என்று கேட்பதைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

இலக்கு வைப்பதே பிழை என்கிறீர்களா?

இல்லவே இல்லை. மலேரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டுக்குள்ளேயே தொற்றும் மலேரியா 2014 இற்குள் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று இலங்கையில் இலக்கு வைத்தார்கள். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி பதிவானது 2012 ஒக்டோபரில், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று தந்தது. போர் நடந்த நாட்டில் நடந்த காரியம் இது. அங்கே இலக்கு ஏன் வேலை செய்தது என்று யோசித்துப் பாருங்கள். எண்ணியதும் வேண்டியதும் ஒரே பொருள், இரத்தப் பரிசோதனையில் கிருமி இருக்கிறதா இல்லையா என்பதுதான் கணக்கு. எண்ணைக் குறைத்துக் காட்ட வேண்டுமென்றால் நோயைக் குறைப்பதைத் தவிர வேறு குறுக்கு வழி அதிகமில்லை. அப்புறம், வேலையைச் செய்தவர்களிடம் மருந்தும் ஆளும் வாகனமும் இருந்தன. இந்த இரண்டும் இருக்கிற இடத்தில் இலக்கு வையுங்கள், நான் எதிர்க்க மாட்டேன்.

அப்படியென்றால் கொழுந்தைக் கிலோவில் அளப்பதில் என்ன பிரச்சினை? கிலோவும் கண்ணுக்குத் தெரிகிற பொருள்தானே?

நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு லீவு நாளில் அம்மாவுக்குச் சாக்குத் தூக்கிவிட மலைக்குப் போனேன். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் தராசின் முகம் எப்போதும் எழுதுகிறவர் பக்கம்தான் திரும்பியிருக்கும், வரிசையில் நிற்கிற பெண்களுக்கு அதன் முதுகுதான் தெரியும். நான் சாக்கைத் தூக்கி மாட்டிவிட்டு அந்தப் பக்கமே நின்றதால் எண் தெரிந்தது. காலை நிறுவையில் 8.6, எழுதியது 6. பகலில் 9.4, எழுதியது 7. அந்தியில் 5.7, எழுதியது 3. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று ஒவ்வொரு தடவையும் இரண்டு கிலோ கழித்து, மிஞ்சிய பொயின்ட்டையும் விட்டுவிட்டார்கள். அம்மா எடுத்தது 23.7 கிலோ, கார்டில் விழுந்தது 16. அன்றைய நோர்ம் 18. அரைப்பேர்.

அம்மாவிடம் சொன்னேன். 'தெரியும்டா, வா' என்றார். அவ்வளவுதான். அந்தக் கணக்கை இன்றுவரை நான் மறக்கவில்லை. அந்தத் தோட்டத்தின் பெயரை எழுதப் போவதில்லை, ஏனென்றால் ஒரு தோட்டத்துக்கு மட்டும் உரிய கதையாக இதை யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. யாரை அளக்கிறோமோ அவருக்குத் தராசு தெரியாத எந்த அளவும் இப்படித்தான் முடியும், அது மடுவமாக இருந்தாலும் கொழும்பில் கண்ணாடிக் கட்டடமாக இருந்தாலும்.

கழிவை விடுங்கள், நேர்மையாக நிறுத்தாலும் கிலோவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கொழுந்து எவ்வளவு வரும் என்பது எடுக்கிறவர் கையில் மட்டும் இல்லை. செடியைக் கவ்வாத்து வெட்டி எத்தனை மாசம் ஆச்சு, பழைய விதைத் தேயிலை மலையா புதிதாக நட்ட மலையா, உரம் எப்போது போட்டார்கள், புல் வெட்டினார்களா, மழையா வெயிலா, இவை எல்லாம் சேர்ந்துதான் கூடை நிறையும். டிம்புள்ள, டிக்கோயா பக்கம் சித்திரை மழைக்குப் பிறகு கொழுந்து பொங்கிக்கொண்டு வரும், தை மாசி வறட்சியில் மலையே காய்ந்து கிடக்கும். ஒரு நல்ல துரை (தோட்ட நிர்வாகி) மலைக்கு மலை, மாசத்துக்கு மாசம் கிலோவை மாற்றி வைப்பார், அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். பல இடங்களில் எண் ஒன்றுதான், மலை எதுவானாலும்.

தேயிலைக்கே இதனால் நட்டம். நல்ல தேயிலைக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டும் வேண்டும், ஒரே மலைக்கு ஏழெட்டு நாளில் திரும்ப வர வேண்டும். கிலோவை மட்டும் துரத்தினால் கை கரட்டிலையையும் காம்பையும் சேர்த்துத்தான் முறிக்கும், ஏனென்றால் அதுதான் பாரம். தொழிற்சாலையில் தரம் இறங்கும், கொழும்பு ஏலத்தில் விலை இறங்கும், அப்புறம் விலை இல்லை, சம்பளம் கூட்ட முடியாது என்று அதே கம்பனி சொல்லும்.

உற்பத்திக்கு ஏற்ற சம்பளம் என்றால் நன்றாக உழைப்பவருக்கு நல்லதுதானே?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்ததைப் பார்ப்போம். தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் செய்த 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாளுக்கு 730 ரூபா என்று பெரிதாகப் பேசினார்கள். பிரித்துப் பார்த்தால் அடிப்படை 500, விலைப் பங்கு 30, வருகை ஊக்கத்தொகை 60, உற்பத்தி ஊக்கத்தொகை 140. வருகைத் தொகை கிடைக்க 75 சதவீத நாள் வேலைக்கு வந்திருக்க வேண்டும், உற்பத்தித் தொகைக்கு நோர்ம் எடுத்திருக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஏழெட்டு நாள் வீட்டில் நின்ற பெண்ணுக்கு அந்த மாசம் 730 வெறும் பேச்சுத்தான். 2019 ஒப்பந்தத்தில் அந்த இரண்டு ஊக்கத்தொகைகளையும் எடுத்துவிட்டு அடிப்படையை 700 ஆக்கி, விலைப் பங்கு 50 ஐச் சேர்த்து 750 என்றார்கள். அடிப்படை கூடியதால்தான் அதில் பலருக்கு நிம்மதி வந்தது.

அப்புறம் 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக 900 அடிப்படையும் 100 கொடுப்பனவுமாக ஆயிரம் ரூபா வர்த்தமானியில் வந்தது. சம்பளம் சட்டமானதும் என்ன நடந்தது? பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டினார்கள். சம்பளத்தை அரசு நிர்ணயிக்கலாம், கிலோவை நிர்வாகம் நிர்ணயிக்கும் என்றால் ஒரு கையால் தருவதை மறு கையால் எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் சம்பளத்தைப் பேசும்போது கிலோவையும் அதே மேசையில் வைத்துப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

2026 வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படையை 1350 இலிருந்து 1550 ஆக்கி, அதற்கு மேல் 200 ரூபாவை அரசு வருகை ஊக்கத்தொகையாகத் தருவதாக வைத்திருக்கிறார்கள், மொத்தம் 1750. அந்த 200 அரசுப் பணம் என்பதை வரவேற்கிறேன். ஆனால் 'வருகை' என்று பெயர் வைத்த பணத்தை யார் எப்படி எண்ணுகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அரைப்பேர் விழுந்த நாள் வந்த நாளா, வராத நாளா? இதை முதல் மாசச் சம்பளத் துண்டிலேயே பார்த்துக் கேட்டுவிடுங்கள், ஆறு மாசம் கழித்துக் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

ஊழியர்கள் இலக்கைக் காட்ட ஏமாற்றுகிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நானும் செய்திருக்கிறேன். காப்புறுதி விற்ற காலத்தில் மாசத்துக்கு இத்தனை புதிய பொலிசி என்று டார்கெட். 28 ஆம் திகதி ஆகியும் இரண்டு குறையும். அப்போது மாமா பெயரில் ஒன்று, சித்தி மகள் பெயரில் ஒன்று எழுதி, முதல் தவணையை என் கையிலிருந்தே கட்டினேன். என்னோடு வேலை செய்தவர்கள் பாதிப் பேர் அப்படித்தான். மேலாளருக்கும் தெரியும், அவருக்கும் மேலே ஒரு டார்கெட் இருந்தது. மூன்று மாசத்தில் அந்தப் பொலிசிகள் செத்துப்போகும், ஆனால் எண்ணியது விற்றதை மட்டும்தான், உயிரோடு இருப்பதை யாரும் எண்ணவில்லை. அந்தப் பழக்கத்தில் உண்மையான ஆட்களையும் அவசரப்படுத்தி எழுதினோம், கட்ட முடியாது என்று தெரிந்த வீடுகளில்கூட. அதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது, நான் அந்த வேலையை விட்டதும் அதனால்தான்.

இது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் வாடிக்கையாளர் கேட்காமலே இலட்சக்கணக்கில் கணக்குத் திறந்தது 2016 இல் வெளியே வந்தது, ஆயிரக்கணக்கான ஊழியர்களை வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள், வங்கிக்கு 185 மில்லியன் டொலர் அபராதம். அங்கேயும் காரணம் விற்பனை இலக்குத்தான். இன்னும் பழைய கதை ஒன்று: 1902 இல் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஹனோயில் எலியை ஒழிக்க வால் ஒன்றுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தார்கள். வால் குவிந்தது, எலி குறையவில்லை. தெருவில் வாலில்லாத எலிகள் ஓடின, வாலை மட்டும் வெட்டிவிட்டு எலியைக் குட்டி போட விட்டுவிட்டார்கள். ஓர் அளவை வைத்து ஆளை நெருக்கத் தொடங்கினால் அந்த அளவு நம்ப முடியாததாகிவிடும் என்பதைப் பொருளியலாளர் சார்ள்ஸ் குட்ஹார்ட் 1975 இல் சொன்னார், இன்று அவர் பெயரிலேயே அதை விதி என்கிறார்கள்.

ஏமாற்றியவரைத் தண்டியுங்கள், சரி. அதோடு அந்த எண்ணை வைத்தவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள்.

பாடசாலைகளில் சித்தி வீதம் (பரீட்சையில் தேறியவர் சதவீதம்) வைத்து அதிபரை மதிப்பிடுவது?

சித்தி வீதம் கூட வேண்டுமென்று பலவீனமான பிள்ளையைப் பரீட்சைக்கு இருக்காதே என்று மெதுவாக வெளியே அனுப்புகிறவர்கள் உண்டு. எங்கள் லயத்திலேயே ஒரு பெண்பிள்ளை அப்படிப் பாடசாலையை விட்டு நின்றாள், அடுத்த தையில் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனாள். முதலாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் சாதாரண தரம் வரை வந்து எழுதினார்கள் என்று எண்ணுங்கள், அப்போது ஒரு பிள்ளையை இழப்பதும் கணக்கில் விழும்.

அமைச்சர்களை இலக்கு வைத்து அளந்த நாடு ஏதாவது உண்டா?

உண்டு. மலேசியாவில் நஜீப் ரசாக் 2009 ஏப்ரலில் பிரதமரானதும் அமைச்சர்களுக்கெல்லாம் கே.பி.ஐ. என்று அறிவித்தார். அதைக் கவனிக்கவே பெமாண்டு என்று பிரதமர் அலுவலகத்தின் கீழ் ஒரு பிரிவு வந்தது. குற்றம், ஊழல், கல்வி, கிராமத்துச் சாலை, பொதுப் போக்குவரத்து என்று துறை பிரித்து வருஷாவருஷம் அறிக்கை போட்டார்கள். கிராமங்களுக்குச் சாலையும் தண்ணீரும் மின்சாரமும் போனது உண்மை, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே காலத்தில்தான் வன்எம்டிபி என்ற அரச நிதியத்திலிருந்து பெரும் பணம் காணாமல் போனது. 2018 தேர்தலில் அந்த அரசு தோற்றது, 2022 ஓகஸ்டில் நஜீப் சிறைக்குப் போனார். எல்லா அமைச்சருக்கும் புள்ளி போட்ட அந்த அமைப்பு, எல்லாருக்கும் மேலே இருந்தவரின் கையை அளக்கவில்லை. அளவை வைக்கிறவரே அளவுக்கு வெளியே நிற்பதன் விளைவு இது.

பிரித்தானியாவில் 1997 இல் வந்த தொழிற்கட்சி அரசு இலக்குகளை நம்பிய அரசு. 2002 இற்குள் 11 வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதத்தினர் ஆங்கிலத்தில் உரிய மட்டத்தை எட்ட வேண்டும், இல்லாவிட்டால் பதவி விலகுவேன் என்று கல்வி அமைச்சர் டேவிட் பிளங்கெட் சொன்னார். 2002 இல் வந்தது 75. அதற்குள் அவர் உள்துறைக்குப் போய்விட்டார், கல்வியில் அவருக்குப் பின் வந்த எஸ்டெல் மொரிஸ் அந்த ஒக்டோபரில் விலகினார். இலக்குத் தவறியது மட்டும் காரணமில்லை, ஆனால் அதுவும் ஒன்று. இலக்குத் தவறியதற்காக ஒரு அமைச்சர் நாற்காலியை விடுவதைப் பற்றி நம் ஊரில் பேசவாவது முடியுமா என்று யோசிக்கிறேன். அதே பிரித்தானியாவில் ஆஸ்பத்திரிகளுக்கு வைத்த இலக்குகள் வேறு விதமாகப் போயின. மிட் ஸ்டாஃபர்ட்ஷயர் ஆஸ்பத்திரியில் நிர்வாகம் இலக்கையும் கணக்கையும் பார்த்துக்கொண்டிருக்க நோயாளிகள் தண்ணீருக்குக்கூடத் தவித்தது 2013 விசாரணை அறிக்கையில் பதிவாகியிருக்கிறது.

ருவாண்டாவில் 2006 இலிருந்து மாவட்டத் தலைவர்கள் ஜனாதிபதியோடு இமிஹிகோ என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள். ஆண்டு முடிவில் யார் முதல், யார் கடைசி என்று பகிரங்கமாகச் சொல்லப்படுகிறது.

ஒரு பயங்கரமான உதாரணமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையில்லாதவன். இந்தியாவில் அவசரநிலைக் காலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இலக்கு வைத்தார்கள். மேலே இருந்தவருக்கு வைத்த எண் கீழே கீழே உருண்டு, ஆள் கொண்டுவராவிட்டால் சம்பளம் இல்லை என்று பள்ளி ஆசிரியர் தலையில் வந்து நின்றது. 1976-77 ஒரே ஆண்டில் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள், பெரும்பாலும் ஏழைகள் மேல். அந்த இலக்கு முறையை இந்தியா 1996 இல்தான் கைவிட்டது. அமைச்சருக்கு இலக்கு வை என்று கேட்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமைச்சருக்கு வைக்கிற எண் அமைச்சரோடு நிற்காது, குடும்ப நல உத்தியோகத்தர் வரை, கங்காணி வரை இறங்கும்.

இலங்கையில் அமைச்சுகளை யாரும் அளப்பதில்லையா?

காகிதத்தில் அளக்கிறார்கள். ஒவ்வொரு அமைச்சும் வருஷத்துக்கு ஒரு செயலாற்றுகை அறிக்கை போட்டுப் பாராளுமன்றத்தில் வைக்கிறது, மூன்று மொழியிலும். கணக்காய்வாளர் நாயகம் இருக்கிறார், அவருக்குப் பலம் சேர்க்க 2018 இல் தேசிய கணக்காய்வுச் சட்டமும் வந்தது. அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு இருக்கிறது. அந்த அறிக்கைகளைப் புரட்டிப் பாருங்கள். நிதி முன்னேற்றம், பௌதிக முன்னேற்றம் என்று இரண்டு நிரல். நிதி முன்னேற்றம் என்றால் ஒதுக்கிய பணத்தில் எத்தனை சதவீதம் செலவழித்தார்கள் என்பது. செலவழிப்பதே சாதனை என்றால் மார்கழி மாசத்தில் பாதை போட ஓடுவார்கள், அந்தத் தார் அடுத்த மழையில் ஓடையோடு போகும்.

வீட்டுக் கதையைப் பாருங்கள். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார், நான் அந்தக் கூட்டத்தில் பின்னால் நின்றவர்களில் ஒருவன், அழுதவர்களைப் பார்த்தேன். அதன் முதல் கட்டமாக 1,300 வீடுகளுக்கு அடிக்கல் வைத்தது 2024 பெப்ரவரியில். இடையில் எத்தனை அமைச்சர், எத்தனை ஜனாதிபதி. யாருடைய செயலாற்றுகையில் அந்த ஏழு வருஷம் எழுதப்பட்டது? கட்டி முடித்த இடங்களிலும் வீடு ஒன்று என்று எண்ணிவிடுகிறார்கள், ஏழு பேர்ச்சஸ் காணிக்கு உறுதிப் பத்திரம் கையில் வந்ததா, குழாயில் தண்ணீர் வருகிறதா, முச்சக்கர வண்டி போகப் பாதை இருக்கிறதா என்பதெல்லாம் வேறு வேறு நிரலில், வேறு வேறு திணைக்களத்தில்.

அப்படியானால் மலையகத்துக்குப் பொறுப்பான அமைச்சருக்கு நீங்கள் என்ன இலக்கு வைப்பீர்கள்?

எங்கள் தோட்டத்தில் இரண்டு தராசு இருந்தன. ஒன்று கொழுந்து மடுவத்தில், இன்னொன்று தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடுகிற பிள்ளை மடுவத்தில். கொழுந்துத் தராசு நாளுக்கு மூன்று தடவை ஆடும், அதில் அரைக்கிலோ குறைந்தால் அன்றைக்கே ஒருவரின் சம்பளம் குறையும். பிள்ளைத் தராசு மாசத்துக்கு ஒரு தடவை. குடும்ப நல உத்தியோகத்தர் அம்மா வந்து, விட்டத்தில் தொங்குகிற தராசில் காற்சட்டை மாதிரித் தைத்த துணிப்பையில் பிள்ளையை உட்கார வைத்து நிறுத்து, கார்டில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார். என் தங்கையின் கோடு நிறமுள்ள பகுதிக்குக் கீழேயே போய்க்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கோடு கீழே போனதற்காக எந்தத் துரைக்கும், எந்த அமைச்சருக்கும், எந்த நாளும் ஒரு சதம் குறையவில்லை.

2016 இல் எடுத்த குடித்தொகை, சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம், தோட்டத்தில் 32 சதவீதம் அளவு. தோட்டத்தில் மூன்று பிள்ளையில் ஒன்று கட்டை. இதைத்தான் நான் இலக்காக வைப்பேன். ஐந்து வருஷத்தில் 32 எத்தனையாக இறங்க வேண்டும் என்று ஒரு எண்ணை அமைச்சர் பதவியேற்கும் நாளிலேயே சொல்ல வேண்டும். இந்த எண் எனக்கு ஏன் பிடிக்கிறதென்றால் இதைத் திறப்பு விழாவால் கூட்ட முடியாது. தாயின் சம்பளம், கர்ப்பத்தில் அவள் தூக்கிய பாரம், குடிக்கிற தண்ணீர், கக்கூஸ், லயத்து அறையின் புகை, பிள்ளை மடுவத்தில் கொடுக்கிற சாப்பாடு எல்லாம் சரியானால்தான் பிள்ளை வளரும்.

அதற்கு அடுத்ததாகக் காணி உறுதி. அடிக்கல்லை எண்ண வேண்டாம். உறுதியும் தண்ணீரும் மின்சாரமும் உள்ள வீட்டில் குடியிருக்கும் குடும்பங்களை எண்ணுங்கள். மூன்றாவதாக ஒன்று வேண்டுமென்றால் சாதாரண தரம் வரை பிள்ளை பாடசாலையில் நிற்பது. இதற்கு மேல் வேண்டாம். நாற்பது இலக்கு வைத்தால் முப்பத்தைந்தில் தேறிவிட்டேன் என்று சொல்லி, முக்கியமான ஐந்தை மறைத்துவிடுவார்கள்.

அளப்பது அமைச்சின் ஆட்களாக இருக்கக் கூடாது, இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

அமைச்சரின் கையில் இல்லாத விஷயங்களுக்கு அவரைப் பிடிப்பது நியாயமா? மழை, உலகச் சந்தை, டொலர்?

நியாயமான கேள்வி, இதே கேள்வியைத்தான் என் அம்மாவுக்காகவும் கேட்டேன். கையில் இல்லாததற்கு யாரையும் பிடிக்கக் கூடாது, அமைச்சரையும்தான். மண்சரிவுக்கு அமைச்சர் காரணமில்லை, ஆனால் இந்த லயம் ஆபத்தான இடத்தில் இருக்கிறது என்று எழுத்தில் சொன்ன பிறகும் அந்தக் குடும்பங்கள் அங்கேயே படுத்தால் அது அவர் கணக்கு.

2021 ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருஷம் இரசாயன உர இறக்குமதியை ஒரே முடிவில் தடை செய்தார்கள், நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் மலை வெளுத்துவிட்டது. 2021 இல் ஏறக்குறைய 300 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை 2022 இல் 250 மில்லியன் பக்கம் இறங்கியது. எரிபொருள் இல்லாததும் மற்றதும் சேர்ந்துதான், ஆனாலும் உரம்தான் பெரிய அடி. அந்த மாசங்களில் கொழுந்தே இல்லாத மலையில் ஏறி இறங்கிய பெண்களுக்கு நோர்ம் எடுக்கவில்லை என்று அரைப்பேர் போட்டார்கள். முடிவெடுத்தவர்களில் யாருக்கு அரைப்பேர் விழுந்தது? இதைக் கோபத்தில் கேட்கவில்லை, கணக்காகவே கேட்கிறேன். கையில் இல்லாததற்காக ஒருவர் சம்பளம் இழந்தார், கையில் இருந்ததைப் பாழாக்கியவர் முழுச் சம்பளமும் வாகனமும் எடுத்தார்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன், டார்கெட் தந்திருக்கிறார்கள். நான் என்ன கேட்க வேண்டும்?

கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள், பின்னால் கேட்டால் சண்டை என்பார்கள். இந்த எண் எங்கிருந்து வந்தது, போன வருஷம் இதே இடத்தில் இருந்தவர் எவ்வளவு செய்தார்? எட்டாவிட்டால் எது குறையும், அடிப்படைச் சம்பளமா ஊக்கத்தொகை மட்டுமா? எட்டிவிட்டால் அடுத்த மாசம் எண்ணைக் கூட்டுவார்களா? இது முக்கியம், ஏனென்றால் எட்டினால் கூட்டுவார்கள் என்று தெரிந்த இடத்தில் எல்லாரும் எட்டுகிற அளவோடு கையை நிறுத்திக்கொள்வார்கள், மலையிலும் அதுதான் நடக்கிறது. பதிவை நானும் பார்க்கலாமா என்று கேளுங்கள், பார்க்க முடியாது என்றால் நீங்களே ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வையுங்கள். நான் புள்ளி போடும் பக்கத்துக்கு வந்த பிறகு எனக்கென்று வைத்திருக்கும் ஒரே ஒழுங்கு இதுதான்: யாருடைய தாளையும் அவருக்குக் காட்டாமல் மேலே அனுப்புவதில்லை.

சரி, தோட்டத்தில் இருக்கும் ஒருவர் எப்படி ஓர் அமைச்சரையோ அமைச்சையோ அளப்பது? நம் பேச்சு ஏறுமா?

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். பிரதேச செயலகமோ அமைச்சோ, ஒவ்வோர் அரச நிறுவனத்திலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். தமிழில் எழுதிக் கொடுக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் அந்த அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது, என் அம்மாவை மனதில் வைத்து எழுதியது போல ஒரு வரி. 14 வேலை நாளுக்குள் தருகிறோமா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் அதே நிறுவனத்தில் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு.

கேள்வியைச் சின்னதாக, எண்ணக் கூடியதாகக் கேளுங்கள். 'மலையக மக்களுக்கு என்ன செய்தீர்கள்' என்று கேட்டால் படம் போட்ட புத்தகம் ஒன்று வரும். 'இந்தத் தோட்டத்தின் இந்தப் பிரிவில் கட்டிய வீடுகள் எத்தனை, அவற்றில் எத்தனை குடும்பத்துக்கு எந்தத் திகதியில் உறுதி கொடுக்கப்பட்டது, கொடுக்காதவற்றுக்கு எந்த அலுவலகத்தில் கோப்பு நிற்கிறது' என்று கேளுங்கள். பதில் வந்ததும் அதை மடித்து வைக்காமல் அந்த லயத்துக்கே கொண்டுபோய், வீடு வீடாகத் தட்டி, எழுதியதும் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அந்த எண்ணோடு திரும்ப எழுதுங்கள், பிரதியைக் கணக்காய்வாளர் நாயகத்துக்கும் அனுப்புங்கள். முதல் கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் பக்கத்துப் பாடசாலையில் உயர்தரம் படிக்கிற பிள்ளை ஒன்றைப் பிடியுங்கள், ஒரு பின்னேரத்தில் எழுதி முடித்துவிடலாம்.